மெட்டல் டிடெக்டருக்குக் கேட்பதும் கேட்காததும்

மட்டக்களப்பில், களுவாஞ்சிகுடிப் பக்கம் அம்மம்மாவின் வளவில் கிணற்றை ஆழமாக்கியபோது ஒரு செப்புக் காசு வந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. உள்ளே நின்ற மாமா மண்ணை அள்ளிக் கூடையில் போட்டு அனுப்ப, மேலே நின்று கொட்டியவன் நான். ஈர மணலுக்குள் பச்சையாக ஏதோ கிடந்தது. எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். பெரிய ஆங்கில வி எழுத்தும், அதன் இரண்டு கைகளிலும் கோத்தது போல ஓவும் சியும் தெரிந்தன. ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனியின் முத்திரை அது என்பது பல வருடங்களுக்குப் பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது. அன்றைக்கு வீட்டில் எல்லோருக்கும் இருந்த ஒரே ஆசை அதைப் பளபளப்பாக்குவதுதான். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தோம். பின்னேரம் ஆவதற்குள் புதுக் குத்துவிளக்கு போல மின்னியது. எழுத்தைக் காணவில்லை. வியின் ஒரு கை மட்டும், விரலால் தடவினால் தெரிகிற அளவுக்கு மிஞ்சியது.

இப்போது நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். காட்டுக்குள் புதையல் தோண்டப் போனவர்கள் பிடிபட்டார்கள் என்று அடிக்கடி செய்தி வரும். படத்தில் மண்வெட்டி, அலவாங்குகளுக்குப் பக்கத்தில் வட்டத் தட்டுப் பூட்டிய ஒரு தடியும் கிடந்தால், அடுத்த நாள் வகுப்பில் கேள்வி நிச்சயம். “சேர், அந்த மெஷின் எப்படித் தங்கம் இருக்கிற இடத்தைக் காட்டுது?”

அந்த மெஷின்தான் மெட்டல் டிடெக்டர், உலோகம் தேடும் கருவி. அது தங்கத்தைக் காட்டாது. பழமையையும் காட்டாது. அது எதைத்தான் காட்டுகிறது என்று விளங்கிவிட்டால், வாவிக்கு மேற்கே நம்முடைய படுவான்கரைக் காடுகளில் அதைத் தூக்கிக்கொண்டு திரிவது ஏன் நல்ல யோசனை இல்லை என்பதும் சேர்ந்தே விளங்கும். அதனால் கருவியிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் ஒரு சின்னப் பரிசோதனை. யன்னல் சீலை மாட்டுகிற அலுமினியக் குழாய் ஒன்றை எடுங்கள், ஒரு மீற்றர் நீளம் இருந்தால் போதும். அதற்குள் தாராளமாகப் போகக்கூடிய சின்ன, வலுவான காந்தம் ஒன்றும் வேண்டும். காந்தத்தைக் குழாயில் ஒட்டிப் பாருங்கள், ஒட்டாது. அலுமினியத்தைக் காந்தம் இழுப்பதில்லை. சரி, இப்போது குழாயை நேராக நிமிர்த்திப் பிடித்து மேல் வாயால் காந்தத்தை விடுங்கள். ஒரு கல்லைப் போட்டால் அரை நொடிக்குள் கீழே விழும். காந்தம் விழாது, இறங்கும். மெதுவாக, யாரோ உள்ளே கை கொடுத்து இறக்குவது போல. நான் இதைச் செய்து காட்டும்போது பின்வாங்குப் பிள்ளைகள் எழும்பி வந்து குழாய்க்குள் எட்டிப் பார்ப்பார்கள்.

நடப்பது இதுதான். நகர்கிற காந்தம் பக்கத்திலுள்ள உலோகத்துக்குள் மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. வாய்க்கால் திருப்பத்தில் தண்ணீர் சுழல்வது போல, அந்த மின்னோட்டம் உலோகத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஓடுகிறது. அதற்கு சுழிப்பு மின்னோட்டம் என்று பெயர். மின்னோட்டம் ஓடினால் அதைச் சுற்றி ஒரு காந்தப் புலம் பிறக்கும். அந்தப் புலம் விழுகிற காந்தத்தை எதிர்த்துத் தள்ளுகிறது. மெட்டல் டிடெக்டரின் முழு இரகசியமும் இந்தக் குழாய்க்குள் இருக்கிறது. நிலத்துக்குள் கிடக்கும் காசு காந்தத்தில் ஒட்டாத செம்பாக இருக்கலாம், வெள்ளியாக இருக்கலாம். அதற்குள் சுழிப்பு மின்னோட்டத்தைத் தூண்டிவிட்டால், அது தானே ஒரு சின்னப் புலத்தைத் திருப்பி அனுப்பும். கருவி கேட்பது அந்தத் திருப்பிவரும் புலத்தை.

தடியின் நுனியில் இருக்கும் தட்டுக்குள் பெரும்பாலும் இரண்டு கம்பிச் சுருள்கள் இருக்கும். முதலாவது சுருளில் திசை மாறி மாறி ஓடும் மின்னோட்டம் போகிறது. வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை போய்த் திரும்புகிறது. டிடெக்டரில் அது பல ஆயிரம் முறை மாறும். காசு தேடும் கருவிகள் பெரும்பாலும் 5 முதல் 20 கிலோஹேர்ட்ஸ் வரை, அதாவது நொடிக்கு 5,000 முதல் 20,000 முறை வரை, வேலை செய்பவை. காந்தத்தைக் கையால் ஆட்டுவதற்குப் பதிலாக மின்னோட்டமே புலத்தை ஆட்டுகிறது, அவ்வளவுதான். இரண்டாவது சுருள் கேட்கிற காது. முதலாவது சுருளின் சத்தமே அதை மூழ்கடித்துவிடாதபடி, ஒன்றின் புலம் மற்றதில் பூச்சியமாகும் விதமாக இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறியபடி வைத்திருப்பார்கள். தராசு சமமாக நிற்பது போல. உலோகம் ஒன்று கிட்ட வந்தால் தராசு சாயும், கருவி கத்தும்.

இந்தத் தராசு யோசனை பழையது. 1881 ஜூலையில் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்ட் சுடப்பட்டபோது, உடலுக்குள் ரவை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க, தொலைபேசியைத் தந்த அலெக்சாண்டர் கிரஹாம் பெல் இப்படி ஒரு கருவியைச் செய்துகொண்டு போனார். கருவி வேலை செய்கிற கருவிதான். ஆனால் படுக்கையில் உலோகச் சுருள்கள் இருந்தன, அவையும் சத்தம் கொடுத்தன. போதாததற்கு, வைத்தியர் உடலின் வலப் பக்கத்தை மட்டுமே தேட விட்டார். ரவை இருந்தது இடப் பக்கத்தில். செப்டெம்பரில் ஜனாதிபதி இறந்துபோனார். கருவி சரியாக இருந்தும் தேடல் பிழைக்கலாம் என்பதை நான் இந்தக் கதையோடு சொல்லித்தான் படிப்பிக்கிறேன், பிள்ளைகள் மறப்பதில்லை.

இனி, எந்த உலோகம் என்று கருவி எப்படி ஊகிக்கிறது? காசுக்குள் பிறக்கும் சுழிப்பு மின்னோட்டம், தூண்டிய புலத்தோடு ஒரே தாளத்தில் ஓடாது. சற்றுப் பிந்தி ஓடும். தடித்த வெள்ளி, செம்பு போல மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் பொருளில் அது கூடுதலாகப் பிந்தும். சிகரெட் பெட்டியின் மெல்லிய தாளில் கொஞ்சமாகத்தான் பிந்தும். இரும்பு வேறு ரகம், அது காந்தமாகவும் நடந்துகொள்வதால் தனி அடையாளம் கொடுக்கும். இந்தப் பிந்தலை அளந்து கருவி ஓர் இலக்கமாகத் திரையில் போடுகிறது, அல்லது சத்தத்தின் சுருதியாக மாற்றுகிறது. இரும்புக்குத் தடித்த சத்தம், வெள்ளிக்குக் கீச்சுச் சத்தம்.

இங்கேதான் புதிதாகத் தொடங்குபவர்கள் ஏமாறுகிறார்கள். அந்த இலக்கம் உலோகத்தின் பெயர் இல்லை. பொருளின் உலோகம், பருமன், தடிப்பு, நிலத்தில் சாய்ந்து கிடக்கிற விதம் எல்லாம் சேர்ந்து தருகிற ஒற்றை இலக்கம் அது. ஒரு மெல்லிய தங்க மோதிரமும் சோடாத் தகரத்தின் இழுவை வளையமும் ஒரே இடத்தில் விழலாம். பித்தளை ரவைக் கோது ஒன்று பழைய செப்புக் காசு மாதிரியே பாடும். ஒல்லாந்துக் காசா, போன கிழமை வேட்டைக்காரன் விட்டுப்போன கோதா என்பதை அந்தச் சத்தத்திலிருந்து யாராலும் சொல்ல முடியாது. எத்தனை இலட்சம் கொடுத்து வாங்கிய கருவியாக இருந்தாலும் இதுதான் நிலைமை, ஏனென்றால் வயது உலோகத்தின் குணம் இல்லை.

ஆழம் பற்றியும் ஒரு வார்த்தை. பத்து மீற்றர் ஆழத்தில் கிடக்கும் தங்கக் காசைக் காட்டும் என்று சொல்லி விற்கப்படும் கருவிகளில் ஏமாந்து பணத்தை விட்டவர்கள் நம் பக்கத்தில் இருக்கிறார்கள், அதனால் கணக்கோடு சொல்கிறேன். தட்டிலிருந்து போகும் புலம் தூரத்தோடு வேகமாக மெலியும். தூரம் இரண்டு மடங்கானால் எட்டில் ஒரு பங்குதான் காசை அடையும். காசு திருப்பி அனுப்புவதும் அதே வீதத்தில் மெலிந்துதான் மேலே வரும். எட்டில் ஒன்றில் எட்டில் ஒன்று, ஆக 64இல் ஒரு பங்கு. தூரம் இரண்டு மடங்கானதற்கே இந்தக் கதி. அதனால்தான் ஒரு சாதாரண காசை நல்ல கருவியும் ஏறத்தாழ 20, 25 சென்ரிமீற்றருக்குள்தான் நம்பகமாகக் கேட்கும். ஒரு சாண், கொஞ்சம் கூடுதலாக. பானை, பெட்டி போன்ற பெரிய பொருளென்றால் இன்னும் ஆழமாகக் கேட்கலாம். பத்து மீற்றரில் ஒற்றைக் காசு என்பது நடக்கவே நடக்காது.

இதே கணக்கு காட்டுக்குள் வேறு விதமாக வேலை செய்கிறது. திறந்த வயல் நிலத்தில் தட்டை மண்ணோடு உரசுகிற மாதிரி, மட்டமாக வீசிக்கொண்டு போகலாம். காட்டில் சருகும் வேரும் அடிமரங்களும் விடாது. காசுக்கும் தட்டுக்கும் இடையில் 15 சென்ரிமீற்றர் இருக்க வேண்டிய இடத்தில் சருகுப் படை அதை 20 ஆக்கினால், கேட்க வேண்டிய சத்தம் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். வெளிநாடுகளில் காட்டுக்குள் தேடுகிறவர்கள் சின்னத் தட்டைப் பூட்டுவது இதனால்தான். வேர்களுக்கிடையில் நுழைத்து நிலத்துக்குக் கிட்டக் கொண்டுபோகலாம், துருப்பிடித்த ஆணிக்குப் பக்கத்தில் கிடக்கும் காசையும் பிரித்துக் கேட்கலாம். அதற்கு விலையாக ஆழம் குறையும்.

மண்ணும் பேசும். கிறவல் மண்ணில் இரும்புச் சேர்மங்கள் நிறைய. தட்டை வீசும்போதெல்லாம் நிலமே ஒரு மங்கலான சத்தத்தைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கும். கருவியை அந்த மண்ணுக்குப் பழக்கி, நிலத்தின் சத்தத்தைக் கழித்துவிடச் சொல்லும் வசதி எல்லா நல்ல கருவிகளிலும் உண்டு. வாவி ஓரத்திலும் கடற்கரையிலும் வேறு சிக்கல், உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும். ஈரமான உப்பு மணல் முழுவதும் ஒரு பெரிய மங்கலான உலோகத் தகடு போலத் தெரியும். அங்கே விட்டுவிட்டுத் துடிப்புகளாக மின்னோட்டத்தை அனுப்பி, ஒவ்வொரு துடிப்பும் ஓய்ந்த பிறகு எஞ்சுகிற எதிரொலியைக் கேட்கும் வேறு வகைக் கருவிதான் உதவும். அது ஆழமாகக் கேட்கும், ஆனால் ஆணியா காசா என்று பிரிப்பதில் மட்டம்.

நம் பக்கத்துக்கே உரிய ஒன்றும் இருக்கிறது, யானை வேலி. மின்வேலி நொடிக்கு ஒரு தடவை போல ஒரு துடிப்பை விடும். கிட்டப் போனால் டிடெக்டர் அந்தத் தாளத்தில் டிக், டிக் என்று கத்தத் தொடங்கிவிடும். வேலிக்கு அந்தப் பக்கம் எது நிற்கிறது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. தலையைக் குனிந்து, காதில் ஹெட்போன் போட்டு, நிலத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நடக்கிற ஒருவனுக்குக் காட்டில் யானை வருவது கேட்காது.

யானையை விட எனக்குப் பயமானது நிலத்துக்குள் இருப்பது. இந்த மண்ணில் யுத்தம் நடந்தது. வாகரையிலிருந்து குடும்பிமலை வரை, அம்பாறையின் காட்டோரங்கள் வரை, ஷெல் விழாத, சண்டை நடக்காத இடத்தைக் கண்டுபிடிப்பது கடினம். மட்டக்களப்பு 2017இல் மிதிவெடி அபாயமற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது உண்மை, அதற்காகப் பல வருடங்கள் முழங்காலில் நின்று ஒவ்வொரு அங்குலமாகத் தேடியவர்களுக்கு நாம் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் வெடிக்காத கைக்குண்டும் மோட்டார் குண்டும் அதோடு தீர்ந்துவிடவில்லை. கிணறு வெட்டும்போதும் காணி துப்பரவாக்கும்போதும் இன்றைக்கும் அவை அகப்படுகின்றன.

மிதிவெடி அகற்றுபவர்கள் கையில் வைத்திருந்ததும் இதே குடும்பத்தைச் சேர்ந்த கருவிதான். வித்தியாசம், அவர்கள் எந்தச் சத்தத்தையும் ஆணி என்று தள்ளிவிட்டுப் போக மாட்டார்கள். ஒவ்வொரு சத்தமும் வெடி என்றே வைத்துக்கொண்டு, எதிரே படுத்து, பக்கவாட்டில் இருந்து மண்ணை மெல்ல மெல்ல விலக்குவார்கள். காசு தேடுகிறவன் என்ன செய்வான்? நல்ல சத்தம் கேட்டவுடன் மேலிருந்து நேரே மண்வெட்டியால் கொத்துவான். பித்தளை ரவைக் கோது காசு போலப் பாடும் என்று மேலே சொன்னேனே, குண்டின் பித்தளைப் பாகமும் அப்படிப் பாடலாம், அதை இங்கே சேர்த்து யோசித்துப் பாருங்கள். சந்தேகமான எதையும் காட்டில் கண்டால் தொடாமல், அசைக்காமல், வந்த வழியே திரும்பி நடந்து பொலிஸுக்குச் சொல்லுங்கள். விறகுக்கும் மாட்டுக்கும் காட்டுக்குப் போகிற பிள்ளைகளிடம் இதை நான் ஒவ்வொரு தவணையும் சொல்கிறேன்.

சரி, நிலத்துக்குள் காசுகள் இருக்கின்றனவா? இருக்கின்றன, அதில் சந்தேகமே இல்லை. இந்தத் தீவில் கிறிஸ்துவுக்குப் பின் 4ஆம், 5ஆம் நூற்றாண்டு உரோமச் செப்புக் காசுகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன, நம்முடைய ஐந்து விரல் நகங்களில் சின்னதின் அளவுதான் இருக்கும். சோழர் காலத்தில் ஒரு பக்கம் நிற்கும் ஆளும் மறுபக்கம் இருக்கும் ஆளுமாக இராசராசன் பெயரில் காசு வந்தது. சோழர் போன பிறகும் அந்த வடிவம் போகவில்லை. பராக்கிரமபாகு முதலாக 12ஆம், 13ஆம் நூற்றாண்டு மன்னர்கள் தங்கள் பெயரைப் போட்டு அதே நிற்கும் ஆளையும் இருக்கும் ஆளையும் அடித்தார்கள். யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகள் நந்தியும் ‘சேது’ என்ற தமிழ் எழுத்தும் போட்டார்கள். தூண்டில் போல வளைத்த வெள்ளிக் கம்பி ஒரு காலத்தில் காசாகப் புழங்கியது, காசு என்று தெரியாதவர் அதை உடைந்த கொளுக்கி என்று எறிந்துவிடக்கூடும். 1602இல் ஒல்லாந்தர் முதலில் வந்து இறங்கியது மட்டக்களப்பில், 1638இல் போர்த்துக்கேயரிடமிருந்து கோட்டையைப் பிடித்ததும் அவர்கள்தான். அம்மம்மாவின் கிணற்றில் வந்தது போன்ற செப்புச் சல்லிகள் 18ஆம் நூற்றாண்டில் இலட்சக்கணக்கில் கப்பல் ஏறி வந்தன. பிறகு 1870ஆம் ஆண்டு போட்ட விக்டோரியா இராணியின் சதங்கள், பின்பக்கத்தில் ஒரு பனை இன மரம். இவை இப்போதும் சில வீடுகளில் சாமியறை டப்பாக்களில் கிடக்கின்றன.

காட்டில் ஏன் காசு? நாம் காடு என்று சொல்கிற பல இடங்கள் முன்பு ஊராக இருந்தவை. குளம் உடைந்தால் வயல் போகும், வயல் போனால் ஊர் போகும், ஊர் போன இடத்தில் வீரையும் பாலையும் முதிரையும் எழும்பிவிடும். காட்டு நடுவில் கட்டுப் போல நீளும் மண்மேடு, கொத்தாக நிற்கும் புளிய மரங்கள், நிலத்தில் சிதறிக் கிடக்கும் ஓட்டுத் துண்டுகள், இவைதான் பழைய ஊரின் அடையாளம். வாகரைக்கு வடக்கே கதிரவெளியில் கல்பலகைகளை நிறுத்திக் கட்டிய பெருங்கற்காலப் புதைகுழிகள் இருக்கின்றன. அம்பாறையில் இராஜகலை மலை முழுக்கக் கட்டிட எச்சங்கள். இவற்றைத் தேட டிடெக்டர் தேவையில்லை, கண் போதும்.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஒரு காசு கையில் இருந்தால் அது சொல்வது கொஞ்சம், எந்த மன்னன், எந்தக் காலம், என்ன உலோகம், அவ்வளவுதான். அதே காசு மண்ணுக்குள் தன் இடத்தில் கிடக்கும்போது சொல்வது பல மடங்கு. ஓர் உதாரணம் சொல்கிறேன். உங்கள் வீட்டுச் சீமெந்துத் தரையை நாளைக்கு உடைக்கும்போது அடியில் 1978ஆம் ஆண்டு போட்ட ஓர் ஐம்பது சதம் அகப்பட்டால், தரை 1978க்கு முன் போடப்பட்டிருக்க முடியாது என்று அடித்துச் சொல்லலாம். காசு தரைக்கு வயது கொடுத்துவிட்டது. தரைக்கு வயது தெரிந்தால், அதன் மேல் உடைந்து கிடந்த பானைக்கும், பக்கத்தில் எரிந்த அடுப்புக் கரிக்கும், அந்தச் சுவருக்கும் வயது தெரியும். தொல்லியலாளர் மண்ணைப் படை படையாக, பாயை விரித்தவன் ஒவ்வொன்றாகச் சுருட்டுவது போல எடுப்பது இதற்காகத்தான். இப்போது ஒருவர் வந்து ஒரு சாண் அகலத்தில் குழி தோண்டி அந்தக் காசை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்று வையுங்கள். அவர் கையில் சந்தையில் சில நூறு ரூபாய் பெறுகிற செப்புத் துண்டு ஒன்று. இங்கே தரை, பானை, அடுப்பு, சுவர் எல்லாம் வயது சொல்ல ஆளில்லாமல் அநாதையாகிவிட்டன. காசைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தாலும் அந்த இடம் திரும்ப வராது.

இங்கிலாந்தில் 1992இல் நடந்தது இதற்கு மறுபக்கம். சஃபோக் பகுதியில் ஹாக்ஸ்னி என்ற ஊரில் ஒரு கமக்காரர் வயலில் சுத்தியலைத் தொலைத்துவிட்டார். அதைத் தேட டிடெக்டரோடு போன அவருடைய கூட்டாளிக்குத் தங்கமும் வெள்ளியும் தட்டுப்பட்டன. கொஞ்சம் எடுத்துப் பார்த்தவர், அதோடு தோண்டுவதை நிறுத்திவிட்டு அதிகாரிகளுக்குச் சொன்னார். அடுத்த நாளே தொல்லியலாளர்கள் வந்தார்கள். ஏறத்தாழ 15,000 உரோமக் காசுகள் கிடைத்தன. அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. மரப்பெட்டி உக்கி மண்ணாகிவிட்டாலும், பொருட்கள் கிடந்த ஒழுங்கை வைத்து, அந்தப் பெட்டிக்குள் எதை எதோடு சேர்த்து, எப்படி அடுக்கி வைத்தார்கள் என்பதையே மீட்டுவிட்டார்கள். சுமார் 1,600 வருடங்களுக்கு முன் ஒரு குடும்பம் அவசரத்திலோ அச்சத்திலோ பெட்டி கட்டிய விதம். அந்த மனிதர் ஆசையில் முழுவதையும் தோண்டி எடுத்திருந்தால் காசு அத்தனையும் இருந்திருக்கும், அது மட்டும் இருந்திராது. சுத்தியலும் கிடைத்தது, அதுவும் இப்போது பிரித்தானிய நூதனசாலையில் இருக்கிறது.

அங்கே அவர்களுக்குச் சட்டம் வேறு, காணிக்காரரின் அனுமதியோடு தேடலாம், புதையல் கிடைத்தால் அறிவிக்க வேண்டும். நமக்கு 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம். அதன்படி தொல்பொருளைத் தேடி நிலத்தை அகழ அனுமதிப்பத்திரம் வேண்டும். உங்கள் சொந்தக் காணியாக இருந்தாலும் வேண்டும். பலர் அறியாமல் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான், “என்ர வளவு, நான் தோண்டுறன்” என்பார்கள். கண்டெடுக்கப்படாமல் மண்ணுக்குள் இருக்கும் தொல்பொருள் அரசுக்கு உரியது. எது தொல்பொருள்? 1815 மார்ச் 2ஆம் தேதிக்கு முந்தியது என்று சட்டம் கோடு போடுகிறது, கண்டி இராச்சியம் பிரித்தானியரிடம் போன நாள் அது. ஆக அம்மம்மாவின் ஒல்லாந்துச் சல்லி கோட்டுக்கு அந்தப் பக்கம், விக்டோரியா சதம் இந்தப் பக்கம். ஆனால் மண்ணுக்கு மேலே நிற்கும்போது கீழே கிடப்பது கோட்டுக்கு எந்தப் பக்கம் என்று தெரியாதே. டிடெக்டர்தான் வயதைச் சொல்லாதே.

சட்டத்துக்குப் பயந்து மட்டும் இதைச் சொல்லவில்லை. நம்முடைய கிழக்கில் யார், எப்போது, எங்கே வாழ்ந்தார்கள் என்பது பொழுதுபோக்குக் கேள்வி இல்லை. அதை வைத்து வாய்ச்சண்டை நடக்கிறது, காணிச் சண்டை நடக்கிறது. அந்தக் கேள்விக்கு நேர்மையான விடை, எல்லாச் சமூகத்துக்கும் பொதுவான விடை, கிடைக்க வேண்டுமென்றால் கலையாத மண் இருக்க வேண்டும். இரவோடு இரவாகத் தோண்டிய ஒவ்வொரு குழியும் அந்த விடையில் ஒரு வரியைக் கிழித்து எறிகிறது. எனக்கு இது மனதை வருத்துகிற விஷயம்.

தேடாமலேயே கிடைத்தால் என்ன செய்வது? கிடைக்கும், நிச்சயம் கிடைக்கும். மாரி மழை கழுவிய குளக்கட்டில், உழுத வட்டையில், கரை உடைந்த ஆற்றோரத்தில் காசும் மணியும் தானாக மேலே வரும். அசைப்பதற்கு முன் படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு இரண்டு ரூபாய்க் குற்றியை வைத்து எடுத்தால் அளவு தெரியும். பிறகு சற்றுத் தள்ளி நின்று, மரமோ கட்டோ தெரிகிற மாதிரி இன்னொரு படம். தொலைபேசியில் இடத்தைக் குறித்து வையுங்கள். சுற்றிக் கிளற வேண்டாம். கிராம சேவகருக்கோ பொலிஸுக்கோ தொல்பொருள் திணைக்கள அலுவலகத்துக்கோ சொல்லுங்கள்.

கழுவவும் வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம். செம்பில் படியும் பச்சை, அழுக்கு இல்லை. காசின் மேற்பரப்பே மெல்ல மெல்ல அந்தப் பச்சையாக மாறியிருக்கிறது, எழுத்தும் உருவமும் பல நேரம் அந்தப் படைக்குள்தான் இருக்கும். புளியின் அமிலம் பச்சையைக் கரைக்கும்போது எழுத்தையும் சேர்த்துக் கரைத்துவிடும். அன்று எங்கள் முற்றத்தில் நடந்தது அதுதான்.

போன மாரியில் படுவான்கரையிலிருந்து வரும் மாணவன் ஒருவன் கொப்பித் தாள் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினான். குளக்கட்டில் காசு ஒன்று கண்டிருக்கிறான். தாளில் பென்சிலால் எழுதியிருந்தது இப்படி: மழைக்கு அடுத்த நாள் காலை. கட்டின் உள்பக்கச் சரிவு. மருத மரத்திலிருந்து 14 எட்டு. மேலே தெரிந்த பக்கம் நிற்கிற ஆள். கிட்ட இரண்டு ஓட்டுத் துண்டு, ஒன்று உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. தொடவில்லை, தடி நட்டிருக்கு.

அன்று பின்னேரமே அவனோடு போய்ப் பார்த்தேன், பிறகு இருவருமாகக் கிராம சேவகரிடம் போனோம். திரும்பி வரும் வழியில் அவனுக்கு அந்த ஓட்டைப் பற்றிச் சொன்னேன். உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான அந்த வகைப் பானைகள், நிற்கும் ஆள் காசு புழங்கிய காலத்துக்குப் பல நூறு ஆண்டுகள் முந்தியவை. இரண்டும் ஒரே கட்டில் கிடக்கின்றன என்றால், கட்டுக்கு மண் வெட்டிய இடத்தில் அதைவிடப் பழைய ஊர் ஒன்று இருந்திருக்கலாம். மண் எங்கிருந்து வெட்டினார்கள் என்று அம்மப்பாவிடம் கேட்டுக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டு, சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனான்.